அம்மா, அந்தப் படத்தைப் பற்றி

சென்காலன், சுவிஸ்,
ஓகஸ்ட் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அப்பாவும் சுகம் என்று தங்கச்சி சொன்னாள். அவள்தான் அந்தப் படத்தையும் உங்களுக்குக் காட்டியிருக்கிறாள். போனில் நான் வாய் திறக்க முன்னமே, "மலையில இருந்து விழவா உன்னைக் கடன்பட்டு அனுப்பினனாங்கள்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இதை இடையில் மறித்துப் பேச முடியாது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். படம் பொய் சொல்லவில்லை. நான் இரண்டு கையாலும் இரும்புக் கம்பியைப் பிடித்திருக்கிறேன், காலுக்குக் கீழே உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அந்த இடத்துக்கு லீசன்கிராட் என்று பெயர். சென்டிஸ் என்ற உச்சியிலிருந்து றோட்ஸ்டைன் கணவாய்க்குப் போகும் பாறை முதுகு. மலைத்தொடர் அல்ப்ஸ்டைன். சென்டிஸ் 2,502 மீற்றர். நீங்கள் கல்யாணத்துக்கு முன் நடுச்சாமத்தில் ஏறிய சிவனொளிபாதமலையைவிட 250 மீற்றர் சொச்சம்தான் கூட. ஆனால் இங்கே படிக்கட்டும் இல்லை, வழி நெடுகத் தேத்தண்ணிக் கடையும் இல்லை.

நான் நினைத்தபாட்டுக்கு ஏறுகிறேன் என்று நினைக்கிறீர்கள். ஏறுவது ஒரு நாள் வேலை. அதற்கு முன் கணக்குப் பார்ப்பது ஒரு கிழமை. வேலையிடத்துக் குசினியில் ஒரு பெரிய சமையல்காரர் இருக்கிறார் என்று சொன்னேனே, அறுபது வயது, அவர்தான் எனக்கு இதெல்லாம் பழக்கினவர். இரவு பாத்திரமெல்லாம் கழுவி முடிந்ததும் உருக்கு மேசையைத் துடைத்துவிட்டு வரைபடத்தை விரிப்பார். 1115ஆம் தாள். மடிப்புகள் கிழிந்து, டேப் ஒட்டி, ஓரமெல்லாம் பென்சிலில் நேரங்கள். போனில் எல்லாம் வந்துவிட்டது என்றால் கேட்க மாட்டார். குளிரில் பற்றரி செத்துவிடும், கடதாசி சாகாது என்பார்.

அந்தத் தாளில் 4 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். ஒவ்வொரு உயரக் கோடும் 20 மீற்றர். மண்ணில் கோடு மண்ணிறம், பாறையில் கறுப்பு, பனியாற்றில் நீலம். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் செங்குத்து. ஆனால் கறுப்பைக் கண்டுதான் பயப்பட வேண்டும் என்றில்லை. ஈரமான செங்குத்துப் புல்தான் பொல்லாதது, பிடிக்க ஒன்றும் இருக்காது, சறுக்கினால் நிற்காது. முதல் நாளே அதைத்தான் சொன்னார்.

பிறகு நேரக் கணக்கு. ஒரு மணிக்கு 300 மீற்றர் ஏறலாம், 500 மீற்றர் இறங்கலாம், மட்டமாக 4 கிலோமீற்றர் நடக்கலாம். உயரத்துக்கு ஒரு நேரம், தூரத்துக்கு ஒரு நேரம் என்று தனித்தனியாகப் போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். நாங்கள் வாசராவனில் தொடங்குகிறோம், 868 மீற்றரில். அங்கிருந்து சேயல்ப்சே ஏரி, அப்புறம் மெக்லிசால்ப் என்ற மேய்ச்சல் வெளி, அப்புறம் உச்சி. 1,634 மீற்றர் ஏற்றம், அதற்கு ஐந்தரை மணி. தூரம் 9 கிலோமீற்றர் அளவில், அதன் பாதி நேரம் ஒரு மணியும் சொச்சமும். ஆக ஆறரை மணி. வழியில் நிற்கும் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகள் இதைவிடக் குறைவாகத்தான் காட்டும். அந்த நேரத்தில் இளைப்பாறுவது சேராது. விடிய ஐந்துக்குப் புறப்பட்டால் பதினொன்றரைக்கு உச்சி. கோடையில் இங்கே இடி மின்னல் பின்னேரத்தில்தான் கட்டும். மின்னலுக்குள் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறை முதுகில் நிற்கக் கூடாதுதானே. அதனால் தாளின் ஓரத்தில் பெரியவர் பென்சிலால் இரண்டு தடவை கோடிட்டு எழுதியது ஒன்றே ஒன்று: 11.30. அதற்குள் உச்சியில் இல்லாவிட்டால் லீசன்கிராட் இல்லை, கேபிள் காரில் மற்றப் பக்கம் ஷ்வேகால்ப்புக்கு இறங்கி பஸ்ஸில் வீடு.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர். இது உங்களுக்கு விளங்கும். அல்ப்ஸ்டைன் முழுக்கச் சுண்ணாம்புக் கல், நம்ம ஊரைப் போலவே. பெய்கிற மழையெல்லாம் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே எங்கேயோ ஊற்றாக வெளிப்படும். மெக்லிசால்ப்பைத் தாண்டினால் வழியில் தண்ணீரை நம்ப முடியாது. நம்ம கீரிமலைக் கேணியும் அப்படித்தானே வருகிறது. மலையே இல்லாத இடத்துக்கு ஏன் மலை என்று பெயர் வைத்தார்கள் என்று பெரியவர் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

சரி, நீங்கள் கேட்காத கதை ஒன்று சொல்கிறேன். படத்தில் இருப்பது இரண்டாம் தடவை. முதல் தடவை போன வருடம் யூலையில் போனோம். மெக்லிசால்ப்புக்கு மேலே ஒரு சரிவில் பழைய பனி கிடந்தது, இரவுக் குளிரில் கல்லாக இறுகி. சப்பாத்து நுனியால் ஒவ்வொரு அடிக்கும் மூன்று நான்கு தரம் உதைத்துப் படி வெட்டித்தான் கடந்தோம். நாற்பது நிமிடம் போய்விட்டது. உச்சிக்கு வர 12.10. வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலம். தூரத்து மலைகள் கையால் தொடலாம் போலிருந்தன. பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார், கேபிள் கார் பக்கம் கையைக் காட்டினார், அவ்வளவுதான்.

நான் விடவில்லை. ஒரு முகில்கூட இல்லையே என்றேன். இவ்வளவு துப்புரவாகத் தெரிவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை என்றார். இங்கே ஃபேன் (Föhn) என்று தெற்கிலிருந்து ஒரு சூட்டுக் காற்று வரும். அது அடிக்கும்போது எல்லாம் பக்கத்தில் வந்தது போலத் தெரியும், ஆட்களுக்குத் தலையிடிக்கும். அது ஓய்ந்தால் மழை கொட்டும்.

கேபிள் காரில் இறங்கினோம். அன்று இரவு வரைக்கும் ஒரு துளி மழை இல்லை அம்மா. எனக்கு வந்த எரிச்சல்! இரண்டு நாள் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது அப்பாவின் ஞாபகம் வந்தது. பருத்தித்துறையில் ஒரு நாள் தள்ளிய வள்ளத்தைத் திருப்பிக் கரைக்கு இழுத்தாரே, கடல் குளம் மாதிரிக் கிடந்த அன்று. மற்றவர்கள் போய்க் கூடை நிறைய மீனோடு வந்தார்கள். நீங்கள் மூன்று நாள் முணுமுணுத்தீர்கள், பள்ளிக்கூடக் காசு கட்ட இல்லை என்று. அப்பா "காத்து மாறும் போல கிடந்தது" என்றதோடு சரி, வேறு ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரும் அதையேதான் சொன்னார், ஜெர்மனில். அதனால்தான் நான் அவரோடு மட்டும் போகிறேன்.

இந்த வருடம் 11.05க்கு உச்சியில் நின்றோம். கம்பியைப் பிடிக்கக் கையுறை போட்டோம், தலைக்கவசம் போட்டோம். செவ்வாய்க்கிழமை என்பதால் பாறை முதுகில் கூட்டம் இல்லை, எதிரே வருகிறவருக்கு ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை. பயந்தேனா என்றால், ஓம், ஒரு இடத்தில். படம் எடுத்தது அந்த இடத்தில்தான். பெரியவருக்குக் குறும்பு அதிகம். இறங்கும்போது முழங்கால் இரண்டும் அழுதன, வாசராவனுக்கு வரும்போது பின்னேரம் ஐந்து மணி.

போகும் வழியை எழுதி அறையில் இருக்கிற பெடியனிடம் கொடுத்துவிட்டுத்தான் போவேன். இரவு எட்டுக்குள் நான் எடுக்காவிட்டால் அவன் 1414க்கு எடுப்பான், ஹெலிகொப்ரர் வரும். போன் வேலை செய்யாத இடமென்றால் ஒரு நிமிடத்துக்கு ஆறு தரம் விசில், பிறகு ஒரு நிமிடம் சும்மா, திரும்பவும் ஆறு தரம். கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று தரம் பதில் கொடுப்பார்கள். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், இப்போது நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள். ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது.

அடுத்தது அல்ட்மான், 2,435 மீற்றர். அது கையும் காலும் சேர்த்து ஏற வேண்டிய இடம். இந்த வருடம் இல்லை, என் கை இன்னும் பழக வேண்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். ஆகவே இப்போதைக்கு நிம்மதியாக இருங்கோ.

ஊரில் இருந்து ஆராவது வந்தால் நீங்கள் பனங்கிழங்கு அவித்துக் காயவைக்கிற புழுக்கொடியல் கொடுத்துவிடுங்கோ, கொஞ்சம் கூடவே. பழுதாகாது, பாரமும் இல்லை. போன தடவை பெரியவருக்கு ஒரு துண்டு கொடுத்தேன். பல்லை உடைக்கவா பார்க்கிறாய் என்று ஏசினார். றோட்ஸ்டைன் கணவாய் வரைக்கும் சப்பிக்கொண்டே வந்தார், வந்ததும் இன்னொன்று கேட்டார்.

அன்பு மகன்