பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: விடுமுறை நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வு, வருகைக் குறைவு, பஸ் பாஸ் என்ற மூன்றைத் தவிர வேறு எதற்கும் பள்ளியிலிருந்து கடிதம் வருவதில்லை என்று உங்களில் சிலர் சொல்வது என் காதுக்கும் எட்டியிருக்கிறது. இந்தக் கடிதம் அந்த மூன்றிலும் சேராது.

கடந்த பெற்றோர் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டது மதிப்பெண் அல்ல, கைபேசி. பிள்ளையிடமிருந்து அதைப் பிடுங்கினால் பதிலுக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டீர்கள். வெளியே கூட்டிப்போனால் ஒரு வாரக் கூலி கரைந்துவிடுகிறது என்றும் சொன்னீர்கள். நியாயமான பேச்சு. தறி ஓட்டுகிறவர், மஞ்சள் மண்டிக்குப் போகிறவர், சாயப்பட்டறையில் நிற்கிறவர், திங்கள் இரவு முழுக்க ஜவுளிச் சந்தையில் கண்விழிக்கிறவர் என்று நம் பெற்றோரின் வாழ்க்கை எனக்குத் தெரியும். ஆனால் ஈரோட்டில் காசு கேட்காத இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அவை கேட்பது உங்கள் நேரத்தை. பிள்ளையை அங்கே அனுப்பிவைக்காதீர்கள், கூடவே போங்கள். நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான்.

ஆடி பிறந்துவிட்டது, அடுத்து வருவது புத்தகத் திருவிழா. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் இந்தத் திருவிழா ஆகஸ்டில் 12 நாட்கள் நடக்கும். முன்பு வ.உ.சி. பூங்காவில் நடந்தது, சில ஆண்டுகளாகச் சிக்கய்ய நாயக்கர் கல்லூரி மைதானத்தில் நடக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. மாலையில் நடக்கும் சொற்பொழிவுக்கும் கட்டணம் இல்லை. நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்து பேசுகிறவர்களை நம் ஊர்த் திடலில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். பிள்ளை பாதியில் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். ஒரு மனிதர் காகிதம் பார்க்காமல் ஒரு மணி நேரம் பேசுவதையும், ஆயிரக்கணக்கானோர் சத்தமில்லாமல் கேட்பதையும் பார்த்ததே அதற்குப் போதும்.

முடிந்தால் இரண்டு நாள் போங்கள். முதல் நாள் எதுவும் வாங்காமல் அரங்குகளைச் சுற்றி வாருங்கள். பிள்ளை எந்த அரங்கில் நிற்கிறது, எதைப் புரட்டுகிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாம் நாள் அது கேட்கும் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். பொது அறிவுக் களஞ்சியமும் ஆங்கில இலக்கணமும் நீங்கள் ஆசைப்படுகிற புத்தகங்கள். அதற்குப் பிடித்தது பேய்க் கதையாகவோ படக்கதையாகவோ இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். பொதுவாகப் பத்து விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். உண்டியலில் சேர்த்த காசைப் பிள்ளையே எண்ணிக் கொடுத்து வாங்கினால் அந்தப் புத்தகத்தைக் கட்டாயம் படிக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: டெல்லி அப்பளத்துக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் ஆகும் செலவு புத்தகத்துக்கு ஆவதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் கை நழுவ ஒரு நொடி போதும்.

திருவிழா 12 நாளில் முடிந்துவிடும், நூலகம் ஆண்டு முழுவதும் இருக்கிறது. மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பகுதி உண்டு. கிளை நூலகங்கள் உங்களில் பலர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை; வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் சிறு தொகை கட்ட வேண்டும். கிளை நூலகங்களுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று திறந்திருக்கும் என்பது நம் பெற்றோர் பலருக்குத் தெரியவில்லை. பிள்ளை கதைப் புத்தகம் படிக்கும் நேரத்தில் நீங்கள் நாளிதழ் படியுங்கள். பாட்டும் நடனமும் ஓவியமும் கற்க விரும்புகிற பிள்ளைகளுக்கு அரசின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை சேரலாம். முற்றிலும் இலவசம் என்று சொல்ல முடியாது. தனியார் வகுப்புகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லலாம்.

ஆடி பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்கு எல்லோரும் போவோம். போங்கள், முளைப்பாரி விடுங்கள், கட்டுச்சோறு சாப்பிடுங்கள். ஆனால் தண்ணீரில் இறங்கும் விஷயத்தில் ஆசிரியனாக இல்லாமல் ஊர்ப் பெரியவனாகச் சொல்கிறேன்: பிள்ளையின் கையை விடாதீர்கள். மேட்டூரில் திறக்கும் அளவு கூடினாலோ கதவணைகளில் கதவைத் தூக்கினாலோ காவிரியின் மட்டம் சட்டென்று ஏறும். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில் அடியில் இழுப்பு இருக்கும். படித்துறையிலேயே குளிக்கட்டும். நீச்சல் தெரிந்த பையன்களின் தகப்பன்மாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அதே மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவும் வரும். அங்கே கூடும் குதிரைச் சந்தையையும் மாட்டுச் சந்தையையும் சுற்றிப் பார்க்க யாரும் பணம் கேட்பதில்லை. குதிரையைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் நம் பள்ளியிலும் இருக்கிறார்கள். காங்கேயம் காளையை ஒரு விவசாயி எப்படிச் சுழி பார்த்து, பல் பார்த்து விலை பேசுகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கணக்குப் பாடமும் உயிரியலும் ஒரே இடத்தில் நடக்கும்.

பங்குனியில் நம் ஊரே மாரியம்மனுக்கு உரியது. பெரிய மாரியம்மன், சின்ன மாரியம்மன், காரைவாய்க்கால் மாரியம்மன் என்று மூன்று கோயில்களிலும் கம்பம் நட்டு, தினமும் பெண்கள் மஞ்சள் நீரும் வேப்பிலையுமாக வரிசையில் நிற்பார்கள். கம்பம் எடுத்து வரும் நாளில் உப்பும் மிளகும் தூவி மஞ்சள் நீர் ஊற்றி ஊர் முழுக்கத் தெருவில் நிற்கும். கம்பத்தைச் சுற்றி இரவில் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். அந்த அடவுகளை இங்கே எந்த நடனப் பள்ளியும் சொல்லித்தருவதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பொதுத்தேர்வுக் காலம். அவர்களுக்கு ஒரே ஒரு மாலை போதும் என்பது என் முடிவு. தெருவில் ஒலிபெருக்கி கட்டுகிறவர்களும் நம் பெற்றோர்தான் என்பதால், இரவு பத்து மணியை அவர்களுக்கும் நினைவூட்டுகிறேன்.

கும்மியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி நம் பகுதியில் மறுபடி உயிர்பெற்றிருக்கிறது. 2024இல் கோவை மாவட்டத்தின் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆண்கள் மட்டும் ஆடிவந்த ஆட்டத்தில் பெண்களையும் பழக்கியவர் அவர். இப்போது பல ஊர்க் கோயில் திடல்களில் மாலையில் பயிற்சி நடக்கிறது. ஆசிரியர் பாட, சிறுமிகளும் அம்மாமார்களும் சேர்ந்து அடியெடுத்து வைக்கிறார்கள். பயிற்சிக்குப் பெரும்பாலும் பணம் வாங்குவதில்லை. அரங்கேற்றத்தன்று ஒரே நிறச் சேலை வேண்டும் என்பார்கள், செலவு அங்கே வரும். அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் வேறொன்றையும் கேளுங்கள்: எல்லாத் தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறீர்களா என்று. சேர்த்துக்கொள்வதாக இருந்தால் நம் பள்ளித் திடலையே சனிக்கிழமை மாலையில் பயிற்சிக்குத் தர நான் தயார். இல்லையென்றால் பள்ளியின் பெயர் அதில் வராது.

தை ஐந்தாம் நாள், அதாவது ஜனவரி 18 வாக்கில், காலிங்கராயன் தினம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி நொய்யல் வரை போகிறது. அதன் கரையில் ஒரு காலை நடந்து பாருங்கள். தண்ணீர் ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது என்று பிள்ளை கேட்கும். கழிவுநீரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அதே பொங்கல் விடுமுறையில்தான் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எழுதினால் போதும். வெள்ளோடு சரணாலயம் வரை போக வேண்டும் என்பதில்லை. மொட்டை மாடியில் காக்கையையும் மைனாவையும் எண்ணினாலும் கணக்குத்தான். கூழைக்கடா பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெள்ளோட்டுக்குப் போகலாம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த குளம் அது.

பெரியார் வாழ்ந்த வீடு பெரியார் அண்ணா நினைவகமாக நகரின் நடுவிலேயே இருக்கிறது. கணிதமேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்ததும் இதே ஊரில், தாய்வழிப் பாட்டி வீட்டில்தான். அம்மாயி வீட்டில் பிறந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள்.

கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் பகுதி சபை. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று நீங்கள் எழுந்து நின்று கேள்வி கேட்பதை உங்கள் பிள்ளை ஒருமுறையாவது ஓரமாக நின்று பார்க்கட்டும். எட்டாம் வகுப்புக் குடிமையியலை நாங்கள் எத்தனை முறை நடத்தினாலும் அது வராது.

எச்சரிக்கையாக ஒன்று. இலவசம் என்ற பெயரில் எல்லாமே இலவசமில்லை. திறனறித் தேர்வு என்று பள்ளி வாசலில் நோட்டீஸ் கொடுத்து, உங்கள் எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு தினமும் அழைத்துக் கட்டணப் பயிற்சியில் சேரச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். யார் நடத்துகிறார்கள், எதற்காக நடத்துகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியாத இடத்தில் பிள்ளையின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அந்த நோட்டீஸைப் பையில் வைத்து வகுப்பாசிரியரிடம் அனுப்புங்கள்; நாங்கள் விசாரித்துச் சொல்கிறோம்.

போக்குவரத்துக்கு: சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் தாய்மாருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லை. பையனுக்கும் தகப்பனாருக்கும்தான் எடுக்க வேண்டும். இந்த ஒரு செலவைத் தகப்பனார்கள் பொறுத்துக்கொள்ளலாம்.

போய்வந்ததற்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், கட்டுரை எழுதச் சொல்லவும் மாட்டோம், மதிப்பெண்ணும் கிடையாது. அப்படிச் செய்தால் அடுத்த வாரமே அது வீட்டுப்பாடமாகிவிடும். ஞாயிறன்றும் வேலைக்குப் போகிற பெற்றோர், வீட்டில் அப்பிச்சியோ அம்மாயியோ இருந்தால் அவர்களைப் பிள்ளையோடு அனுப்புங்கள். அதற்கும் வழியில்லாத பிள்ளைகளை ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்தே புத்தகத் திருவிழாவுக்கு அழைத்துப் போகிறோம். இரவு எட்டு மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவோம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும், ஆசிரியர்கள் மட்டும் போதாது. உடன் வரக்கூடியவர்கள் கடிதத்தின் கீழுள்ள சீட்டில் பெயர் எழுதி, கையொப்பமிட்டு, இந்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு துணிப்பையும் பிள்ளைகள் கொண்டுவர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்