அண்ணே, அது டிராகன் பழம் இல்லை

அண்ணே,

நேற்று அப்பாவுக்கு மூன்றாவது திதி. படையல் போட்டேன், காக்கைக்குச் சோறு வைத்தேன். நீங்கள் அனுப்பிய பணம் வந்தது. நீங்கள் வரவில்லை. சரி, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். மாமா வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.

அப்பாவைத் தகனம் செய்துவிட்டுப் பத்து கந்தோங் சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்று, வாசலில் கால் கழுவிக்கொண்டே கேட்டீர்கள்: "வீட்டோட இருந்த உனக்குக்கூடவா தெரியல?" தெரியாது என்றேன். அது பொய். சிறுநீரில் இரத்தம் வந்ததை அப்பா என்னிடம்தான் முதலில் காட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறி முடித்த நேரம். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கழிவறையிலிருந்து "பாப்பா" என்று கூப்பிட்டார். சட்டை போடாமல் என் முன்னால் வந்து நிற்காத மனிதர், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றாமல் நின்றார். "இங்க பாரும்மா, நிறத்தைப் பாரு." எட்டிப் பார்த்தேன். சிவப்புச் சீராப் சர்பத் மாதிரி இருந்தது.

"வலிக்குதாப்பா?"

"இல்லம்மா. எரிச்சல்கூட இல்ல."

வலி இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. முந்தின நாள் ஆயர் ஈத்தாம் சந்தையில் வாங்கிய சிவப்பு டிராகன் பழம் ஞாபகம் வந்தது. "நேத்து அரைப் பழம் சாப்பிட்டீங்களே, அந்தச் சாயம்தான்ப்பா." என் முகத்தையே பார்த்தார். நம்பிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை, நம்ப வைக்க வேண்டும் என்று எனக்கு அவசரம். "அப்படியா" என்றார். பிறகு குனிந்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததைத் தன் கையாலேயே கழுவினார். நான் கழுவ வேண்டி வருமே என்று. நான் சாம்பாரை இறக்கப் போய்விட்டேன்.

மறுநாள் தெளிவாகப் போனது. அதோடு மறந்தோம்.

டிராகன் பழமும் பீட்ரூட்டும் சிறுநீரைச் சிவப்பாக்கும் என்பது உண்மைதான், ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் இரத்தமும் அப்படித்தான் நின்றுவிடுகிறது, அண்ணே! உள்ளே கட்டி இருந்தால் ஒரு நாள் கசியும், பிறகு பல வாரம் கசியாது. நின்றதைக் குணமானதாக எடுத்துக்கொண்டோம். அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தால், சிறுநீரில் ஒரு குச்சியை நனைத்துப் பார்த்து, நுண்ணோக்கியில் சிவப்பணு தெரிகிறதா என்று பார்த்து, பழமா இரத்தமா என்று சொல்லியிருப்பார்கள். கட்டணம் 1 வெள்ளி, ஒரே ஒரு ரிங்கிட். எத்தனையோ நாள் அந்த 1 வெள்ளியை நினைத்து அழுதிருக்கிறேன்.

இரண்டாம் தடவை, உடம்புச் சூடு என்று பார்லி காய்ச்சிக் கொடுத்தேன். மூன்றாம் தடவை பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். சோதனை எதுவும் செய்யாமல் கிருமி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நின்றது. மருந்தால்தான் நின்றது என்று நினைத்தோம். நான்காம் தடவை, இருதயத்துக்காகச் சாப்பிடும் இரத்தத்தை இளக்கும் மாத்திரைமேல் பழி போட்டோம். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரத்தம் வந்தாலும் காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும் என்று பிறகுதான் ஒரு டாக்டர் சொன்னார்.

எனக்கு அப்போது பாயான் லெப்பாஸில் 12 மணி நேர ஷிப்ட். வீடு, அப்பா, பிள்ளைகள் எல்லாம் என் ஒருத்தி தலையில். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இல்லை, சாக்காகத்தான் சொல்கிறேன். கிளினிக்கிலிருந்து உங்களைக் கூப்பிட்டேனே, என்ன சொன்னீர்கள்? "வயசானா அப்படித்தான், சின்னச் சின்னதுக்கெல்லாம் ஃபோன் பண்ணாத." அதன் பிறகு எந்த தைரியத்தில் நான் கூப்பிடுவது? ஆனால் அன்றைக்கு நானும் சிறுநீர்க் கிருமி என்றுதான் சொன்னேன். இரத்தம் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. மன்னித்துவிடுங்கள்.

இரத்தம் கட்டி கட்டியாக உறைந்து, சிறுநீர் அடைத்துக்கொண்ட அந்த இராத்திரி உங்களுக்குத் தெரியும். தெரியாதது இதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், "முதல் தடவை எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டார். "ரெண்டு வாரம் இருக்கும்" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். எட்டு மாதம். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குள் புற்றுநோய் சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கிவிட்டது. மேல் தோலோடு இருந்திருந்தால் குழாய் விட்டுச் சுரண்டி எடுத்திருப்பார்கள். மறுபடி வரும் ஆபத்து அதிகம் என்றால் வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் பி.சி.ஜி. மருந்தை உள்ளே விடுவார்களாம். நம் தோளில் தழும்பாக இருக்கிறதே காசநோய்த் தடுப்பூசி, அதே பி.சி.ஜி.

புகை நுரையீரலை மட்டும்தான் கெடுக்கும் என்று நினைத்திருந்தேன். அதன் விஷத்தைச் சிறுநீரகம் வடிகட்டிப் பைக்குள் தேக்கி வைக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிக்குப் புகைதான் காரணம். அப்பா 60 வயதில் விட்டுவிட்டார், ஆனாலும் 69இல் வந்தது. விட்டால் ஆபத்து குறையும், ஆனால் உடனே மறையாது.

அண்ணே, உங்களுக்கு 52. பள்ளிக்கூட நாளிலிருந்து பிடிக்கிறீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் அண்ணி என் காதில் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். அண்ணிமேல் கோபப்படாதீர்கள். ஒரே ஒரு தடவைதான், வலியும் இல்லை, தானாகவே நின்றுவிட்டது என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களாம். அந்த மூன்றையும் நானும் சொல்லியிருக்கிறேன்.

புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் கல்லாகவோ கிருமியாகவோ புரோஸ்டேட் வீக்கமாகவோதான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்க்குப் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அப்பாவும் பயந்தார். மரத்துப்போகும் ஜெல் போட்டுத்தான் விடுகிறார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்கேன் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேளுங்கள்: சின்னக் கட்டி அதில் தப்பிவிடாதா என்று.

ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. அதனால்தான் நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதுகிறேன். கோபம் வரும், வரட்டும். அப்பாவின் கோபத்தையே பார்க்கக் கொடுத்து வைக்காதவள் நான்.

வியாழக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயில் ஏறுகிறேன். செந்தூலுக்கு, உங்கள் வீட்டுக்கு வருகிறேன், வெள்ளிக்கிழமை காலையில் கிளினிக்குக்குச் சேர்ந்து போகலாம். அதற்குள் கட்டி கட்டியாக வந்தாலோ, போக முடியாமல் அடைத்தாலோ, காய்ச்சலும் இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டாலோ எனக்காகக் காத்திருக்காதீர்கள், எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். அப்பாவின் ரிப்போர்ட் கோப்பையும் எடுத்து வருகிறேன், குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று கேட்பார்கள். எப்போது பார்த்தீர்கள் என்றும் கேட்பார்கள். சரியான தேதியைச் சொல்லுங்கள்.

உங்கள் பாப்பா