சித்தப்பாவுக்கு, அந்தத் தூக்குவாளியைப் பற்றி

அன்புள்ள சித்தப்பா,

நோன்பு மாதத்தில் ஊருக்கு வந்திருந்தபோது ஒன்றைப் பார்த்தேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், வாய் எழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு பாயின் பேரன் நோன்புக் கஞ்சியோடு வந்து நின்றான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நம் வீட்டுக்கு வருகிற அதே எவர்சில்வர் தூக்குவாளி. மூடிமேல் காகிதத்தில் மடித்த இரண்டு பருப்பு வடை. நீங்கள் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "சுகர் இருக்குப்பா, வேண்டாம்" என்றீர்கள். பையன் கேட் அருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

சுகர் போன வருஷமும் இருந்தது. போன வருஷம் இரண்டு டம்ளர் குடித்தீர்கள்.

தாத்தா காலமான இரவு, கொட்டுகிற மழையில் பந்தல் போட ஆள் கூட்டி வந்தவர் அந்த பாய்தான். நீங்கள்தான் எனக்கு அதைச் சொன்னீர்கள், ஒரு முறை அல்ல.

ரிட்டையர் ஆன புதிதில் மாடித் தோட்டமும் பழைய பாட்டும்தான் போனில் பார்ப்பீர்கள். அன்று ராத்திரி உங்கள் போனை வாங்கித் தள்ளிப் பார்த்தேன். தள்ளத் தள்ள முஸ்லிம்களைத் திட்டுகிற வீடியோக்கள். நீங்கள் தேடிப் போயிருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். என்றோ ஒன்றில் இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றிருப்பீர்கள். அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிற அல்காரிதத்துக்கு அது போதும். எது நம்மைப் பிடித்து நிறுத்துகிறதோ அதையே மறுபடி கொண்டு வந்து வைக்கும். கோபம் நன்றாகவே பிடித்து நிறுத்தும்.

நீங்கள் பார்க்கிற ஆப் வேறு. ஆனாலும் ஃபேஸ்புக்கில் நடந்ததைச் சொல்கிறேன், உள்ளே கணக்கு எப்படி ஓடும் என்பது அதில் தெரியும். 2016-இல் லைக்கோடு சேர்த்து இதயம், சிரிப்பு, கோபம் என்று சில குறிகளைக் கொடுத்தார்கள். 2017-இல் ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பெண் என்றால் இந்தக் குறிகளுக்கு ஐந்து, கோப முகத்துக்கும் ஐந்து. மதிப்பெண் ஏற ஏற அந்தப் பதிவு இன்னும் நிறையப் பேர் கண்ணில் படும். கோப முகம் குவியும் பதிவுகளில் பொய்யும் விஷமும் அதிகம் என்று 2019-இல் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டார்கள். படிப்படியாகக் குறைத்து, 2020-இல்தான் கோபத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். அப்புறம் பொய்ச் செய்தி குறைந்தது, ஆனால் மக்கள் ஃபேஸ்புக் பார்ப்பது குறையவில்லை. ஃபிரான்சஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் 2021-இல் உள் ஆவணங்களை வெளியே கொண்டு வந்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிந்தது.

இதைப் படித்தபோது உங்கள் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. எதிர்வீட்டுக்காரர் மேல் உங்களுக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை சித்தப்பா. அவர் உங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. யாரோ எங்கோ போட்ட மதிப்பெண் நம் வாசல் வரை வந்து ஒரு சின்னப் பையனைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. எனக்கு அது தாங்கவில்லை.

வருகிற ஞாயிறு வருகிறேன். பார்த்த வீடியோக்களின் பட்டியலை எப்படி அழிப்பது, அடுத்தது தானாக ஓடுவதை எப்படி நிறுத்துவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறேன். பெரிய வேலை இல்லை. அப்புறம் இரண்டு பேருமாக எதிர்வீட்டுக்குப் போய் வரலாம். பாய் வீட்டு டிபன் கேரியர் ஒன்று நம் பரணிலேயே கிடக்கிறதாம், சித்தி சொன்னார்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது நம் வீட்டில் வழக்கமில்லையே, அதிரசத்துக்கு மாவு இடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்