சேனலை மூடியது யார் கையெழுத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுப் பிரச்சாரம் செய்யும் டிவி சேனல்களை எந்த அரசாக இருந்தாலும் யோசிக்காமல் மூடிவிட வேண்டும் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். அவர் கோபம் புரிகிறது. உக்ரைனில் குண்டு விழும்போது அதைப் போர் என்று சொல்லவே கூசிய ரஷ்ய அரசின் ஆர்டி சேனலுக்காக வாதாட நானும் வரவில்லை. ஆனால் 'தோஷ்த்' சேனலுக்கு நடந்ததை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோஷ்த் என்றால் ரஷ்ய மொழியில் மழை. புதினை எதிர்த்துப் பேசிய மாஸ்கோ சேனல். 2021 ஆகஸ்டில் அதற்கு 'வெளிநாட்டு ஏஜெண்ட்' என்று முத்திரை குத்தினார்கள், போர் தொடங்கியதும் இணையதளத்தையும் முடக்கினார்கள். 2022 மார்ச் 3 அன்று ஊழியர்கள் நேரலையிலேயே போர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எல்லோருமாக ஸ்டுடியோவை விட்டு நடந்து போனார்கள். அப்புறம் திரையில் 'ஸ்வான் லேக்' பாலே, 1991 ஆகஸ்டில் கோர்பச்சேவைக் கவிழ்க்கப் பார்த்த நாட்களில் சோவியத் டிவி திரும்பத் திரும்ப ஓட்டிய அதே பாலே. யூடியூபில் அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நாட்டை விட்டு வந்தவர்களுக்கு லாட்வியா உரிமம் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தச் சேனலின் ஒரு தொகுப்பாளர், போர்முனையில் இருக்கும் ரஷ்ய வீரர்களுக்குத் தேவையான சாமான்கள் கிடைக்க நாங்களும் உதவியிருப்போம் என்று நம்புகிறோம் என்ற மாதிரி வாய்விட்டுவிட்டார். தப்புதான், உக்ரைன்காரர் காதில் அது எப்படி விழும்? சேனல் மன்னிப்புக் கேட்டது, அவரை வேலையை விட்டும் அனுப்பியது. உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யாவோடு சேர்த்து வரைபடம் காட்டியதற்கும் ரஷ்ய ராணுவத்தை 'நம் ராணுவம்' என்றதற்கும் 10,000 யூரோ அபராதம் ஏற்கெனவே விழுந்திருந்தது. இத்தனைக்கும் பிறகு டிசம்பர் 6 அன்று, தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று லாட்வியாவில் உரிமத்தையே ரத்து செய்தார்கள். மாஸ்கோவுக்கும் ஆகாது, லாட்வியத் தலைநகர் ரீகாவுக்கும் ஆகாது என்றால் அவர்கள் எங்கேதான் போவார்கள்? அடுத்த மாதம் நெதர்லாந்து உரிமம் கொடுத்தது, அதுவரை நல்லது.

மூடுகிற விதத்திலும் வித்தியாசம் உண்டு. பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2021 பிப்ரவரியில் சீன அரசின் சிஜிடிஎன் சேனல் உரிமத்தை ரத்து செய்தபோது, உரிமம் வைத்திருந்த நிறுவனத்தின் கையில் செய்தி விஷயத்தில் அதிகாரமே இல்லை என்று விசாரித்து, காரணத்தை வெளியிட்டது. ஆனால் அதே மாதம் உக்ரைனில் அதிபர் ஜெலன்ஸ்கியின் ஒரே ஆணையில் மூன்று சேனல்கள் நின்றன. அவை மெத்வெத்சுக் என்ற உக்ரைன் அரசியல்வாதி, புதின் நண்பரின் ஆட்கள் கையில் இருந்தவை, அதனால் சந்தேகம் நியாயம்தான், ஆனால் நீதிமன்றம் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அல்ல அது. நாளைக்கு வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதே பேனா அங்கேயேதான் இருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படித் தடைச் செய்தி போடும்போது, உத்தரவு போட்டது யார், காட்டிய காரணம் என்ன, மேல்முறையீட்டுக்கு வழி உண்டா என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர், கரூர்