குயில் இருக்கும் பெயர்

அன்புள்ள மகளுக்கு,

நீ போனில் சொன்ன பஸ் கதையை இதுவரை பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். எடின்பரோவில் ஒரு பஸ்ஸின் நெற்றியில், பெரியாறு அணை கட்டிய நம்ம பென்னிகுவிக் பெயரைப் பார்த்தாயாம், "பென்னிகுவிக் போகுமா?" என்று கேட்டாயாம், டிரைவர் சிரித்துக்கொண்டே "பெனிகுக்" என்று திருத்தினாராம். பொங்கலுக்கு நம் தெருவில் கட்டிய பேனர்களில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். பென்னிகுவிக், பென்னிகுயிக், பென்னி குக். கடைசியாகச் சொன்னது டீக்கடைக்காரர் பேனர். எல்லோரும் அவரைத்தான் கேலி செய்தோம்!

சரி என்று நானும் தேடிப் படித்தேன். சின்ன வயதில் பென்னி என்றால் காசு, குக் என்றால் சமையல்காரர் என்று நினைத்திருந்தோம். இரண்டும் இல்லை. இங்கிலாந்துப் பெயர்கூட இல்லை. ஸ்காட்லாந்தில் நீ இருக்கும் இடத்துக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், எஸ்க் ஆற்றோரம் இருக்கும் ஊரின் பெயர். ஆங்கிலம் வருவதற்கு முன்னால் அங்கே வெல்ஷுக்கு உறவான ஒரு பழைய பாஷை பேசியிருக்கிறார்கள். அதில் 'பென்' என்றால் தலை, உச்சி. 'கோக்' என்றால் குயில். குயில்குன்று! அந்தப் பாஷை அங்கே செத்துப் பல நூறு வருஷம் ஆகிறது. பின்னால் வந்தவர்கள் அர்த்தம் தெரியாமலே பெயரை வைத்துக்கொண்டு, காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதனால்தான் இத்தனை ஸ்பெல்லிங்.

ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் உண்டு, அதனால் எங்கே பார்த்தாலும் ஸ்மித். குயில்குன்று ஒன்றுதானே? அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒட்டிய பெயர், அதனால் அங்கே அபூர்வம். நம் கம்பம் பக்கத்தில் என்னடா என்றால் பிள்ளைகளுக்கே வைக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று படித்தேன். அணை கட்டியவர் 1841 ஜனவரி 15 அன்று பூனாவில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் 17 வயது அண்ணனும் 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சில்லியன்வாலா சண்டையில், ஒரே நாளில் செத்திருக்கிறார்கள். இவருக்கு எட்டு வயது முடிய இரண்டு நாள் பாக்கி. 1895இல் பெரியாறு அணையை முடித்ததெல்லாம் எவ்வளவோ பின்னால். இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தாய் என்ன பாடு பட்டாளோ" என்றாள். அணையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மே மாதம் அந்தப் பக்கம் குயில் வருமாம். நம்ம ஊர்க் கருங்குயில் இல்லை, சாம்பல் நிறம். காக்கா கூட்டில் போடாது, புல்வெளியில் இருக்கும் சின்னக் குருவிகளின் கூட்டில் முட்டையிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா. கூவினால் போனில் பிடித்து அனுப்பு. டிக்கெட் கேட்கும்போது மறக்காதே, பெனிகுக்.

அன்புடன்,
அப்பா