தம்பி விஷயமாக, பிராட்ஃபோர்டிலிருந்து

பிராட்ஃபோர்டு
21-5-2013

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி படிப்பை விட்டுவிட்டு ஃபுட்பால் ஆடப் போகிறேன் என்கிறான் என்று நீ சொல்லச் சொல்ல அக்கா எழுதிய கடிதம் ஈஸ்டர் முடிந்த வாரமே வந்து சேர்ந்தது. பதில் போடாமல் ஆறு வாரம் ஓட்டிவிட்டேன். தொலைந்துவிடக் கூடாது என்று அரிசி டப்பாவுக்குள் வைத்ததே வினையாகிவிட்டது. அரிசி அள்ளும்போதெல்லாம் அக்காவின் கையெழுத்து எட்டிப் பார்க்கும். இன்றைக்கு ராத்திரி எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன், சோறு இறங்கியதும் தூக்கம் வந்துவிடும். கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசலாம்தான். ஆனால் தம்பியைப் பற்றிக் கேட்டால், அவன் பக்கத்தில் நிற்கிறான் என்று நீ 'ம்... ம்' என்றே பேசுகிறாய். அதற்குள் கார்டும் தீர்ந்துபோகிறது.

முதலில் நீ கேட்டதற்கெல்லாம் பதில். நன்றாகச் சாப்பிடுகிறேன். இங்கே பாகிஸ்தான்காரர் கடைகள் நிறைய இருப்பதால் புளி, மல்லி, கறிவேப்பிலைவரை கிடைக்கிறது. சந்தையில் அயிலையும் கிடைக்கும். சில கடைகளில் தலையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் விற்கிறார்கள். அப்பா பார்த்தால் சிரிப்பார். ரொட்டியை ராத்திரி எட்டு மணிக்குமேல் போய்த்தான் வாங்குகிறேன், அப்போதுதான் கூட்டம் இருக்காது. விலையும் கொஞ்சம் குறைத்திருப்பார்கள். குளிர் இப்போது பரவாயில்லை. மார்ச்சில் பனி கொட்டியது. ஐம்பது வருஷத்தில் இப்படியொரு மார்ச் வந்ததில்லையாம். ஹீட்டரை அதிகம் போட்டால் எனக்குத் தலைவலி வருகிறது, அதனால் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிக்கிறேன். வேலைக்கு நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லது.

அப்புறம் பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கிறார். சின்ன வயதில் கம்பளி மில்லில் வேலை பார்த்தவர். அந்த மில் மூடிக் கிடக்கிறது. அதன் புகைபோக்கி மட்டும் நம் கோயில் மணிக்கூண்டு மாதிரி ஊரில் எங்கே நின்றாலும் தெரியும். என்னை 'லவ்' என்று கூப்பிடுவார். முதல் நாள் பயந்தேவிட்டேன். அப்புறம் பார்த்தால் இந்த ஊர் பஸ் டிரைவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். தாத்தாவுக்கு உலகத்தில் ஒரே விஷயம் பிராட்ஃபோர்டு சிட்டி ஃபுட்பால் கிளப். ஆட்டம் இருக்கிற நாளில் கருஞ்சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கழுத்துத் துண்டை அலசிக் கொடியில் காயப்போடுவார், மழை பெய்தாலும். ஈரத்தோடு கழுத்தில் சுற்றிக்கொண்டு போவார். ஒரு தடவை உலர்ந்த துண்டோடு போய் அணி தோற்றுவிட்டதாம்.

இந்த கிளப் கதையை நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தம்பிக்கும் படித்துக் காட்டு. அவன் டிவியில் பார்க்கிற இங்கிலாந்து ஃபுட்பால் வேறு, இங்கே நான் பார்க்கிறது வேறு. மேலிருந்து கீழே நாலு டிவிஷன், 92 அணிகள். அவன் பார்ப்பது மேலே இருக்கிற இருபதை மட்டும்தான். பிராட்ஃபோர்டு சிட்டி ஒரு காலத்தில் அந்த இருபதில் இருந்தது. 2001-இல் இறங்க ஆரம்பித்து, கடனில் மூழ்கி, 2007-இல் நாலாவது டிவிஷனுக்கே வந்துவிட்டது. நம் சின்னச் சித்தப்பாவின் விசைப்படகு கதைதான்.

அந்த அணிக்கு கேப்டன் கேரி ஜோன்ஸ் என்று ஒருவர். மிட்ஃபீல்டு, தம்பி ஆடுகிற இடம். அடுத்த மாதம் முப்பத்தாறு வயது. முடியைக் கத்தரித்துவிட்டுக்கொண்டு, பார்த்தால் நம் ஊர் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிற அண்ணன் மாதிரி இருப்பார். தாத்தா அவரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தடவைகூட 'பெரிய ஆட்டக்காரர்' என்று சொன்னதில்லை. 'ஓடிக்கொண்டே இருப்பார், நிற்கமாட்டார்' என்று மட்டும் சொல்வார். அதுதான் அவருக்குப் பட்டம்.

ஜோன்ஸ் பிறந்தது லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட். பத்து வயதிலேயே பெரிய கிளப் தூக்கிக்கொண்டு போய் வளர்த்த பிள்ளை இல்லை. வேல்ஸில் கார்னார்வன் என்ற சின்ன ஊர் அணிக்கு ஆடிவிட்டு, 1997-இல், இருபது வயதில்தான் ஸ்வான்சீ கிளப்புக்குப் போனார். ஸ்வான்சீயும் அப்போது நாலாவது டிவிஷன். அங்கேயும் ரொம்ப நாள் வைத்துக்கொள்ளவில்லை. சில ஆட்டங்கள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் ரோச்டேல் எடுத்துக்கொண்டது. ரோச்டேல் யாரென்றால், 1974-லிருந்து நாலாவது டிவிஷனைவிட்டு அசையாத அணி. அந்த டிவிஷனையே 'ரோச்டேல் டிவிஷன்' என்று கேலி பேசுவார்களாம். அங்கே நன்றாக ஆடி, 2001-இல் இரண்டாவது டிவிஷன் அணியான பார்ன்ஸ்லிக்குப் போனார். எல்லாருக்கும் வருகிற நல்ல காலம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அந்த வருஷமே பார்ன்ஸ்லி கீழே இறங்கியது. 2003-இல் பழைய ரோச்டேலுக்கே திரும்பி வந்தார். இருபத்தாறு வயதில் விட்ட இடத்துக்கே திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று ராத்திரி வேலையில் பெட்டி ஒட்டும்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பார், அங்கேயே ஒன்பது வருஷம் நின்றார். கேப்டன் ஆனார். அந்த கிளப்புக்கு லீக்கில் 400 ஆட்டத்துக்குமேல். 2010-இல் ரோச்டேல் மூன்றாவது டிவிஷனுக்கு ஏறியது, முப்பத்தாறு வருஷம் கழித்து! தாத்தா பிராட்ஃபோர்டுக்காரர், ரோச்டேல்காரர்களைக் கண்டால் ஆகாது. இதைச் சொல்லும்போது மட்டும் தொப்பியைக் கழற்றினார். இரண்டே வருஷத்தில் ரோச்டேல் மறுபடி இறங்கியபோது ஜோன்ஸுக்கு முப்பத்தைந்து ஆகப்போகிறது. நம் ஊரில் அந்த வயதில் வெட்ரன்ஸ் ஆட்டத்துக்குத்தான் கூப்பிடுவோம். அவர் இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கிற மலைக்கு இந்தப் பக்கம், பிராட்ஃபோர்டுக்கு வந்தார்.

வந்த வருஷத்தில் நடந்ததைத் தம்பி கேள்விப்பட்டிருப்பான். 92 அணிகளும் கலந்து மோதுகிற லீக் கப்பில் விகன், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா என்று மூன்று பிரிமியர் லீக் அணிகளை, மேலே சொன்ன அந்த இருபதில் மூன்றை, வரிசையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிசம்பரில் ஆர்சனலுக்கு எதிரே விழுந்த கோலுக்கு ஃப்ரீகிக் எடுத்தது ஜோன்ஸ். பெனால்டியில் ஜெயித்தார்கள். ஜனவரி 8-ஆம் தேதி வில்லா ஆட்டத்துக்கு நானே போனேன். தாத்தாவின் தங்கை மகனுக்குக் காய்ச்சல், டிக்கெட் வீணாகப் போகிறது என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். காசு கொடுக்கவில்லை, கவலைப்படாதே.

மூன்றுக்கு ஒன்று. அதில் இரண்டு கோல் ஜோன்ஸ் அடித்த கார்னரிலிருந்து தலையால் முட்டிப் போட்டது. ஒரு தடவை நாங்கள் உட்கார்ந்திருந்த மூலைக்கே வந்தார். பந்தைக் கையில் எடுத்து, சட்டையிலேயே துடைத்து, வைத்துவிட்டுப் பின்னால் நாலு எட்டு நகர்ந்தார். வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு. அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அம்மா, அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கோயில் மைதானத்தில் வலை காயப்போடுகிற மூலையில் தம்பி பந்தை வைத்துவிட்டு இப்படித்தான் துடைப்பான், மணல் ஒட்டியிருக்கும் என்று. பின்னால் கடல் இரைச்சல். நீ வீட்டு வாசலில் நின்று 'விளக்கு வைத்தாச்சு, வாங்களேண்டா' என்று கத்துவாய். இருபத்திரண்டாயிரம் பேர் ஒரே சமயத்தில் எழுந்து கத்துகிறார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தாத்தா திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஈரத் துண்டை எடுத்து என் தோளில் போட்டார். குளிரில் விறைத்துப்போய்விட்டேன்.

சரி, அதை விடு.

பிப்ரவரியில் வெம்ப்ளியில் ஃபைனல். எதிரே யார் தெரியுமா? ஸ்வான்சீ. ஜோன்ஸை இருபது வயதில் எடுத்துவிட்டு அனுப்பிவிட்ட அதே ஸ்வான்சீ. அவர்கள் இந்தப் பதினைந்து வருஷத்தில் நாலாவது டிவிஷனிலிருந்து பிரிமியர் லீகுக்கு ஏறியிருந்தார்கள். அவர் நாலாவது டிவிஷனிலிருந்தே வந்திருந்தார். இது சினிமாவாக இருந்தால் ஜோன்ஸ் கடைசி நிமிஷத்தில் கோல் போட்டிருப்பார். ஐந்துக்குப் பூஜ்யம் தோற்றார்கள். கோல்கீப்பருக்கு ரெட் கார்டு வேறு. ஆனால் ஆட்டம் முடிந்தும் பிராட்ஃபோர்டு ஜனம் வெளியே போகவில்லை, கொடியை ஆட்டிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தார்கள். தாத்தா வீட்டு டிவியில் பார்த்தேன். அவர் டிவியை அணைக்கவே இல்லை.

போன சனிக்கிழமை மறுபடி வெம்ப்ளி. லீகில் ஏழாவது இடத்தில் முடித்தவர்கள், மேலே ஏற இன்னொரு வாய்ப்பான பிளே-ஆஃபில் நார்தாம்ப்டனை மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்து மேலே ஏறிவிட்டார்கள். மூன்று கோலும் அரைமணி நேரத்துக்குள். எல்லாம் சேர்த்து இந்த சீசனில் அணிக்கு 64 ஆட்டம். அதற்கு முந்தின வாரம், மே 11, தாத்தாவோடு டவுனில் நினைவுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். 1985-இல் இதே கிளப் கோப்பை வாங்கிய நாளில் மைதானத்தின் மரக் கொட்டகை எரிந்து 56 பேர் செத்தார்கள். தாத்தா அன்றைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் துண்டு காய்ந்திருந்தது.

இப்போது தம்பி விஷயம். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டுச் சென்னைக்குப் போக வேண்டும், ஒரு கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் 15,000 கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். அவனைத் திட்டாதே. அவன் நன்றாக ஆடுகிறவன், அது எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்குப் பதினெட்டுதான் ஆகிறது. ஜோன்ஸ் லீகுக்குள் காலை வைத்ததே இருபதில். டிப்ளமோவை முடிக்க இன்னும் ஒரு வருஷம், முடித்தாலும் பத்தொன்பது. கையில் அது இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே பக்கமாவது முயற்சி செய்யலாம். இந்த அணியில் முன்னால் ஆடுகிற ஹான்ஸன், லீகுக்கு வருவதற்கு முன் கடையில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தவர், அதையும் அவனிடம் சொல். ஆடுவதற்கு ஆளைத் தேடுகிறவன் முன்பணம் கேட்கமாட்டான். பணத்தை வாங்கிக்கொண்டு வாக்குக் கொடுக்கிறவர்களை எனக்கும் கொஞ்சம் தெரியும். படித்து முடித்து இரண்டு வருஷம் வேலை பார்க்கலாம் என்று பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் என்னை அனுப்பிவைத்தாரே, அந்த விசா நான் ஏறுவதற்கு முன்னாலேயே, போன வருஷம் ஏப்ரலோடு நின்றுபோயிருக்கிறது. இங்கே வந்துதான் தெரிந்தது. இதை அப்பாவிடம் சொல்லாதே. பெரியப்பாவிடம் சொல்லவே சொல்லாதே. வேறு வழி இருக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பா தடைக்காலத்துக்கு முன்னால் கரைக்கு வந்துவிடுவார் அல்லவா? வந்ததும் முழங்காலைக் காட்டச் சொல், நாகர்கோவிலுக்கே கூட்டிக்கொண்டு போ, பக்கத்துத் தைலத்தோடு நிறுத்திவிடாதே. படகில் பங்கு வாங்க இன்னொரு கடன் என்று அக்கா ஓரத்தில் எழுதியிருக்கிறாள். இந்த வருஷம் வேண்டாம். அக்கா கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டில் செப்டம்பர் என்றால் சரி என்று சொல்லிவிடு, ஆனால் நகையைப் பற்றி நீ வாயைத் திறக்காதே, அவர்களே எண்ணிக்கை சொல்லட்டும். உன் சங்கிலியை மீட்க ஜூலையில் பணம் அனுப்புகிறேன். ஜூலை இல்லாவிட்டால் ஆகஸ்ட். அம்மச்சிக்குக் கண்ணாடி மாற்றியாயிற்றா? அடுக்களைக் கூரை ஓடுகளை மழைக்கு முன் மாற்றச் சொன்னேனே, ஆளைப் பிடித்தாயா?

தம்பிக்கு இங்கே ஒரு ஜோடி பூட்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். நல்ல தோல், யாரோ கொஞ்ச நாள்தான் போட்டிருக்கிறார்கள். நான் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சேற்றையெல்லாம் எடுத்துவிட்டேன். வள்ளவிளைப் பையன் ஒருவன் ஜூனில் ஊருக்கு வருகிறான், கொடுத்தனுப்புவேன். ஆனால் இந்த ஊர் அளவு நம் அளவு இல்லை. அவனை ஒரு தாளில் காலை வைத்து நிற்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்பு. இரண்டு காலும் வரை, அவனுக்கு இடது கால் கொஞ்சம் பெரிது.

உன் அன்பு மகன்