பல்ப்பை விடுங்கள், வயரைக் கழற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற கிழமை உங்கள் பத்திரிகையின் வாகனப் பக்கத்தில், பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் வீட்டுக் கராஜிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகள் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. நல்ல குறிப்புத்தான். ஆனால் அதில் ஒரு வரி இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. பொனற்றை, அதாவது எஞ்சின் மூடியை, நெடுநேரம் திறந்து வைத்து வேலை செய்வதானால், உள்ளே எரியும் லைற்றின் பல்ப்பைக் கழற்றிவிடும்படி எழுதியிருந்தீர்கள். பற்றரி இறங்கிவிடும் என்ற கவலை சரி. கழற்றச் சொன்ன சாமான்தான் பிழை.

நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கராஜில் இருபத்தேழு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் என்று பழகிய கை. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடையாமல் அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இரவில் பொனற்றைத் திறந்தால் ஒருவர் ரோச் பிடிக்க வேண்டும், ரோச்சுக்குப் பற்றரி இல்லாவிட்டால் அரிக்கன் லாம்பு. அப்படிப்பட்டவன் இங்கே வந்து, பொனற்றைத் தூக்கியதும் தானாகவே லைற் எரிகிற காரை முதல்முதல் பார்த்தபோது, வேலையை விட்டுவிட்டு நாலைந்து தரம் மூடித் திறந்து பார்த்தேன். முதலாளி சிரித்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2011 கார்த்திகை மாதம் எங்களிடம் ஒரு 1978 செவர்லே கோர்வெற் வந்தது. கோர்வெற் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு 1978இல் இருபத்தைந்து வயது. பின்பக்கம் பெரிய வளைந்த கண்ணாடி வந்ததும் அந்த வருடம்தான். பொனற்றுக்குள் எரியும் இந்த லைற் எல்லாக் காரிலும் வராது. அந்தக் காலத்தில் மேலதிகமாகக் காசு கட்டி வாங்கும் ஒரு தொகுதிக்குள், கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் எரியும் கூரை லைற், ஹெட்லைற்றை அணைக்க மறந்தால் கத்தும் பஸர் ஆகியவற்றோடு இதுவும் வரும். எங்களிடம் வந்த காரில் அது இருந்தது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேற்றரைக் கழற்றிப் பிரித்துக் கழுவிப் பூட்டுவதுதான் வேலை. குவாட்ராஜெற் கார்பரேற்றர், நாலு வாய், சின்னச் சின்ன உதிரிப்பாகங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பொனற்றைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். பட்டறை லைற்றெல்லாம் அணைத்தோம். பொனற்றின் அடியில் எரிந்த அந்தச் சின்ன லைற் ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு வந்தோம். கணக்குப் பாருங்கள், 62 மணித்தியாலம். அந்த பல்ப் ஏறக்குறைய ஓர் அம்பியர் இழுக்கும். பற்றரியோ 60 அம்பியர்-மணி அளவு, அதாவது ஓர் அம்பியரை 60 மணித்தியாலம்தான் கொடுக்கும். மிச்சம் சொல்லத் தேவையில்லை. திறப்பைப் போட்டால் டாஷ்போர்டில் ஒரு சிவப்புப் புள்ளிகூட வரவில்லை.

அப்போது என்னோடு வேலை பழகிக்கொண்டிருந்த தம்பி சார்ஜரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொனற்றுக்குள் பற்றரியைத் தேடினான். கால் மணி நேரம் தேடினான். "அண்ணை, இந்தக் காருக்குப் பற்றரியே இல்லை" என்றான். அந்த வகைக் கோர்வெற்றில் பற்றரி சாரதி இருக்கைக்குப் பின்னால், காப்பெற் விரித்த மூடிக்குக் கீழே, ஒரு பெட்டிக்குள் இருக்கும். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காருக்குள்ளேயே தங்கும் என்பதால் இரண்டு கதவையும் திறந்து வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பற்றரி ஒருவழியாக உயிர் பெற்றது. ஆனால் ஒரு தரம் அடிவரை இறங்கின பற்றரி பழையபடி வராது. அடுத்த தையிலேயே மாற்ற வேண்டி வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வாசகர்களில் பலர் சூடேற்றாத கராஜில்தான் கார் வைத்திருப்பார்கள். முழுச் சார்ஜில் இருக்கிற பற்றரி எங்கள் ஊர்க் குளிரில் உறையவே உறையாது. அதற்கு மைனஸ் 50க்கும் கீழே போக வேண்டும். இறங்கின பற்றரிக்குள் இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். மைனஸ் பத்து வந்தாலே உறைந்து கூடு வெடிக்கக்கூடும். உறைந்த பற்றரிக்குச் சார்ஜும் போடக்கூடாது, வேறு காரிலிருந்து கரண்டும் கொடுக்கக்கூடாது. ஆக, ஒரு சின்ன பல்ப் பற்றரியை இறக்குவதோடு நிற்பதில்லை.

சரி, பல்ப் கதை. சார்ஜ் ஏறியபின் தம்பி தானாகவே ஒரு முடிவு எடுத்தான், உங்கள் பத்திரிகை எடுத்த அதே முடிவு. பல்ப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அது என் பிழை. அடுத்த நாள் வேலை முடியும் தறுவாயில் பல்ப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறான், எரியவில்லை. ஹோல்டருக்குள் முப்பது வருடத் துரு. சின்ன ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்றை உள்ளே விட்டுச் சுரண்டினான். ஹோல்டரின் அடியில் நடுவே இருக்கும் புள்ளியில் கரண்ட், சுற்றியிருக்கும் கூடு ஏர்த். ஸ்க்ரூ ட்ரைவரின் நுனி இரண்டையும் தொட்டது. "சட்" என்று ஒரு நீலப்பொறி. அதற்கு ஓர் அடி கீழே, கார்பரேற்றரைத் துடைத்த பெற்றோல் துணி கிடந்தது.

ஒன்றும் பற்றவில்லை. கடவுள் புண்ணியம் என்பதா, கார்த்திகை மாதக் குளிர் என்பதா, தெரியவில்லை. நுனியில் கடலைப்பருப்பு அளவு உருகிப்போன அந்த ஸ்க்ரூ ட்ரைவர் இன்னும் என் வீட்டு லாச்சியில் இருக்கிறது.

பல்ப்பைக் கழற்றினால் லைற்தான் நிற்கிறது, கரண்ட் நிற்பதில்லை. திறப்பு உங்கள் சட்டைப் பைக்குள் இருந்தாலும் அந்த வயரில் பன்னிரண்டு வோல்ற் இருக்கும். பொனற் திறந்திருக்கும் வரைக்கும் ஹோல்டரும் உயிரோடுதான் இருக்கும். அந்த லைற்றுக்குக் கதவில் இருப்பது போன்ற பொத்தான் கிடையாது. எங்கள் கையில் வந்ததில் லைற்றின் அடியிலேயே பாதரச சுவிட்ச் இருந்தது. சின்னக் குப்பிக்குள் ஒரு துளி பாதரசம், பொனற் நிமிரும்போது உருண்டு போய் இரண்டு முனைகளையும் சேர்த்துவிடும். ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். அமெரிக்கக் கம்பெனிகள் 2002 வரைக்கும் அதைப் போட்டுத்தான் கார் விற்றன. பிறகு, கார்களை நொறுக்கி உருக்கும்போது பாதரசம் காற்றில் கலக்கிறது என்று, நொறுக்க முன் இந்த சுவிட்ச்களைக் கழற்றி எடுக்கும் ஏற்பாடு இங்கேயும் அமெரிக்காவிலும் வந்தது. ஆகவே லைற்றை ஆட்டி இழுத்துக் குப்பியை உடைக்காதீர்கள். உடைந்தால் வக்கூம் கிளீனரைக் கிட்டக் கொண்டுபோகவும் வேண்டாம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தெர்மோமீற்றர் உடைந்தபோது பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடிய ஆள் நான். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

அப்போ என்ன செய்வது? லைற்றுக்குப் போகும் வயரின் பிளக்கைக் கழற்றுங்கள். கோர்வெற்றின் உடம்பு ஃபைபர் கிளாஸ் என்பதால் தகரக் காரைப் போல உடம்பே ஏர்த்தாக வேலை செய்யாது. லைற்றுக்கென்று தனியாக ஏர்த் வயர் ஓடும். ஆகவே இரண்டு வயரைக் கண்டு குழம்ப வேண்டாம். ஜெனரல் மோட்டர்ஸ் கார்களில் எந்நேரமும் கரண்ட் நிற்கும் வயர் பெரும்பாலும் ஒரேஞ்ச் நிறம், ஏர்த் கறுப்பு. ஆனால் நாற்பது வருடத்தில் எத்தனை பேருடைய கை பட்டிருக்குமோ, நிறத்தை நம்பாமல் கரண்ட் இருந்தால் எரிந்து காட்டும் ரெஸ்ற் லாம்பை வைத்துப் பாருங்கள். கழற்றிய பிறகு கரண்ட் உள்ள முனைக்குக் கறுப்பு ரேப் சுற்றி, எக்ஸோஸ்றுக்கும் ஃபானுக்கும் எட்டாத இடத்தில் நூலால் கட்டிவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

பற்றரியையே கழற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். ஸ்ராட்டர், ஒல்ரனேற்றர் வேலையென்றால் கட்டாயம் கழற்றத்தான் வேண்டும், நெகற்றிவ் வயரை முதலில். ஆனால் ரைமிங் (எஞ்சினுக்குள் பொறி விழும் நேரம்) பார்க்கவோ, ஏதாவது லைற்றைச் சோதிக்கவோ கரண்ட் வேண்டும். ஒவ்வொரு தரமும் இருக்கையை முன்னே தள்ளி, காப்பெற்றைத் தூக்கி, பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

கழற்றியதைத் திரும்பப் பூட்ட மறப்பதுதான் அடுத்த தலையிடி. அந்தக் கோர்வெற்காரரும் எங்களிடம் ஒருதரம் கோபித்தார், வேறொரு விஷயத்துக்கல்ல, இதற்குத்தான். கார் எவ்வளவு அசலாக இருக்கிறது என்று புள்ளி போடும் ஒரு காட்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார். பொனற்றைத் தூக்கியதும் லைற் எரியவில்லை. பூட்ட மறந்தது நாங்கள். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். எதைக் கழற்றினாலும் ஓர் அட்டைத் துண்டில் எழுதி ஸ்ரியறிங்கில் கட்டிவிடுவது. அட்டை தொங்கும்வரை திறப்பு வாடிக்கையாளர் கைக்குப் போகாது.

முதல் அட்டையில் நான் தமிழில் "பொனற் லைற்" என்று எழுதினேன். தம்பி இங்கே பிறந்தவன், அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது என்ன, சாமிக்குக் கட்டினதா?" என்று கேட்டான். அடுத்த அட்டையில் ஒரு பல்ப்பின் படம் கீறி அதன்மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தேன். நான் கீறியது கத்தரிக்காய் மாதிரி இருந்தது, ஆனால் அவனுக்கு விளங்கியது. இப்போது அவன் சொந்தமாகக் கராஜ் நடத்துகிறான். போன கோடையில் போனபோது அங்கே ஒரு ஸ்ரியறிங்கில் அதே கத்தரிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது.

சித்திரையில் எல்லோரும் கார்களை வெளியே எடுக்கத் தொடங்குவதற்கு முன்பாக, அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர்,
ஸ்காபரோ.